கண்ணுக்கும் இரைச்சல் உண்டு!

புதுச்சேரிக்குத் தெற்கே கடலோரத்தில் இருக்கும் மீனவ ஊர் நல்லவாடு. 2004 டிசம்பர் 26 அன்று காலை, சிங்கப்பூரில் இருந்த அவ்வூர்க்காரர் ஒருவர் தொலைபேசியில் ஊரை எச்சரித்தார். எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் திட்டத்தில் அமைந்த தகவல் மையத்தின் ஒலிபெருக்கி உடனே முழங்கியது. மக்கள் கரையைவிட்டு வெளியேறி ஆழிப்பேரலையிலிருந்து தப்பினர். அந்த அறிவிப்பு மெல்லிய குரலில் வந்திருந்தால்? அலையோசையில் அமிழ்ந்து போயிருக்கும்.

காதைப் போலவே கண்ணுக்கும் இரைச்சல் உண்டு. மங்கிய வெளிச்சத்தில் கைபேசியில் எடுத்த படத்தைப் பாருங்கள். மணல் தூவியது போலப் பொடிப் பொடியாகத் தெரியும். அதுதான் படத்தின் இரைச்சல்.

நுரையீரலின் எக்ஸ்ரே படத்தில் ஒரு சிறு கட்டி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சுற்றுப்புறத்துக்கும் அதற்கும் ஒளி வேறுபாடு மிகக் குறைவு. நல்ல வெளிச்சத்தில், வழவழப்பான பின்னணியில், ஏறத்தாழ 1 சதவீத வேறுபாட்டைக்கூட நம் கண் கண்டுகொள்ளும். பின்னணி பொடிப்பொடியாக இருந்தால் அந்தத் திறமை குன்றுகிறது. கட்டி படத்தில் இருந்தும் மருத்துவர் கண்ணுக்குத் தப்பிவிடலாம்.

பொடி எங்கிருந்து வருகிறது? தூறல் தொடங்கும்போது பக்கத்துப் பக்கத்து ஓடுகளில் விழும் துளிகளை எண்ணினால் சமமாக இராது. எக்ஸ்ரே துகள்களும் அப்படித்தான். சராசரியாக 100 துகள் விழும் இடத்தில் 10 கூடலாம், குறையலாம். அதாவது 10 சதவீதம். 10,000 விழுந்தால் ஏற்ற இறக்கம் 100. அது 1 சதவீதமே. கதிரை அள்ளிக் கொட்டினால் படம் தெளியும், ஆனால் நோயாளிக்குக் கேடு. ஆகவே அளவோடுதான் நிறுத்த வேண்டும்.

இதன்மேல் திரையும் தன் பங்கைச் சேர்க்கிறது. எல்லாப் புள்ளிகளுக்கும் ஒரே ஆணை கொடுத்தாலும் ஒன்று சற்றே பளிச்சென்றும் மற்றொன்று சற்றே மங்கியும் ஒளிரும். இரண்டு இரைச்சலும் நேரடியாகக் கூடுவதில்லை. அவற்றின் வர்க்கங்கள்தாம் கூடுகின்றன. 3-ம் 4-ம் சேர்ந்தால் 7 அல்ல, 5! (பிதாகரஸ் இங்கும் வந்துவிட்டார்.) படத்தின் இரைச்சல் 4, திரையினுடையது 1 என்றால் மொத்தம் 4.1, திரையால் பெரிய நட்டமில்லை. படம் 1, திரை 3 என்றாலோ 3.2 ஆகிவிடும். மட்டமான திரை, நல்ல படத்தைத்தான் அதிகம் கெடுக்கிறது!

ஒரு புள்ளியை நம்பிக்கையோடு அடையாளம் காண, அதன் வேறுபாடு இரைச்சலைப்போல் சுமார் 5 மடங்கு வேண்டும் என்று 1948-இல் அமெரிக்க இயற்பியலாளர் ஆல்பர்ட் ரோஸ் கணக்கிட்டார். கண் பரப்பு முழுவதையும் கூட்டிப் பார்ப்பதால், பெரிய கட்டி குறைந்த வேறுபாட்டிலும் தெரியும். சிறியதுதான் ஏமாற்றும்.

மருத்துவர் கணிப்பொறியில் படத்தின் கருமை வெண்மையை விரித்துப் பார்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அப்போது கட்டியின் வேறுபாடும் படத்தின் இரைச்சலும் ஒன்றாக வளர்கின்றன. திரையின் இரைச்சல் மட்டும் வளர்வதில்லை. சில மருத்துவத் திரைகளைத் தொழிற்சாலையிலேயே அளந்து, புள்ளிகளின் ஏற்றத்தாழ்வைத் திருத்தி அனுப்புகிறார்கள்.

வெள்ளைத் தாளிலும் உப்புத்தாளிலும் ஒரே அளவில் மங்கலான பென்சில் புள்ளி வையுங்கள். பின்னால் நடந்துகொண்டே, எது எத்தனை அடியில் மறைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.