அருகிலிருப்போர் கடமை



தனக்கு இழைக்கப்பட்ட கொடுமையைச் சிறு குழந்தையொன்று தன் வாயாலேயே எடுத்துரைக்க வேண்டிய நிலை சிலபோது நேர்கின்றது. சிதம்பரத்தை அடுத்த சிற்றூர்க் குழந்தையாயின், அந்நகரத்து அனைத்து மகளிர் காவல் நிலையத்தார் வாக்குமூலம் பெறுவர். பின்னர் வழக்கு கடலூர்ச் சிறப்பு நீதிமன்றத்துக்குச் செல்லும். அவ்வேளைகளில் குழந்தையின் அருகில் இருப்பவரின் கடமை யாது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

போக்சோ எனப்படும் குழந்தைகள் பாதுகாப்புச் சட்டம் 2012ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. குழந்தையின் இல்லத்திலோ, அது விரும்பும் இடத்திலோ வாக்குமூலம் பெறல் வேண்டும். இயன்றவரை, உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அலுவலரே அதனைப் பெறுதல் வேண்டும்; அவர் சீருடையில் இருத்தலாகாது. பெற்றோரோ, குழந்தை நம்பும் பிறரோ உடனிருக்க, குழந்தை சொன்னதைச் சொன்னவாறே பதிவு செய்க என்கிறது 26ஆம் பிரிவு. துணை வேண்டும், ஆனால் துணைவரின் சொல் வாக்குமூலத்துள் புகலாகாது என்பதே இதன் உட்பொருள்.

ஏன் இத்துணைக் கண்டிப்பு? "அப்படித்தானே?" என்று ஆசிரியர் வினவினால், "ஆம் ஐயா" என வகுப்பே விடையிறுப்பதை நீங்கள் அறிவீர்கள். பெரியவருக்கு விடை தெரியும் என்பது குழந்தையின் நம்பிக்கை. "அன்று மாலைதானே, கண்ணே?" என்று தாய் பரிவுடன் எடுத்துக் கொடுத்தாலும், அச்சொல் குழந்தையின் சொல்லாகிவிடும். குறுக்கு விசாரணையில் அது தவறெனத் தெரியின், உண்மையான பகுதியும் ஐயத்துக்கு உள்ளாகும். குற்றவாளி தப்பலாம், குற்றமற்றவர் சிக்கவும் கூடும்.

கலிபோர்னியாவில் 1983இல் எழுந்த மக்மார்ட்டின் மழலையர் பள்ளி வழக்கு, 1990இல் எவருக்கும் தண்டனையின்றி முடிந்தது. குழந்தைகளிடம் விடையை உள்ளடக்கிய வினாக்களையே கேட்டமை அதற்கு ஒரு முக்கிய காரணமாகும். இன்று பல நாடுகளில் பயிற்சி பெற்ற ஒருவரே வினவுவார். ஏனைய அலுவலர் அடுத்த அறையிலிருந்து நோக்கி, விடுபட்டதை அவருக்குத் தெரிவிப்பர். இதனால் குழந்தை ஒரே துயரைப் பலரிடம் திரும்பத் திரும்பக் கூற வேண்டுவதில்லை.

ஆகவே அருகிலிருப்பவர் குழந்தையின் பார்வையில் படுமாறு அமைதியாக அமர்தல் வேண்டும். குழந்தை களைத்தால் ஓய்வு கேட்கலாம். வினா விளங்கவில்லையெனில் அதனை அலுவலரிடமே கூறலாம். தாமே விளக்குதல் தகாது. கேட்டதை வெளியே பேசுதலும் ஆகாது.

மாணவர்களே, நாளை உங்கள் தோழரோ தங்கையோ இத்தகைய துயரை உங்களிடம் கூறலாம். துருவிக் கேளாது, முழுவதும் செவிமடுத்து, நம்பத்தக்க பெரியவரிடமோ 1098 என்னும் தொலைபேசி எண்ணிலோ தெரிவியுங்கள். பேசுதற்குக் குழந்தைக்கு வலிமை தருவது, அருகிலிருப்பவரின் பொறுமையான மௌனமே.