பழைய கணினித் திரைக்கு ‘ஹெச்டி’ டிரைவர்: பணம் கொடுக்கும் முன் பாருங்கள்

ஓமலூரில் தாலுகா அலுவலகத்தைச் சுற்றியுள்ள ஜெராக்ஸ் கடைகள், கல்யாணப் பத்திரிகை அடிக்கும் டி.டி.பி. கடைகள், 2011 செப்டம்பர் 15 முதல் தமிழக அரசு பிள்ளைகளுக்குக் கொடுத்த மடிக்கணினியை இன்னும் பத்திரமாக வைத்திருக்கும் வீடுகள் என எங்கும் கேட்கக்கூடிய புகார் இது: “ஃபார்மட் போட்டதிலிருந்து எழுத்தெல்லாம் பெருசா, இழுத்துவிட்ட மாதிரி தெரியுது.” அதற்குக் கிடைக்கும் பதிலும் பழகியதுதான்: “டிரைவரை மாத்தினா ஃபுல் ஹெச்டி ஆயிடும்.”

அந்தப் பதிலில் பாதி உண்மை, பாதி பொய். மடிக்கணினியின் திரையில் எத்தனை புள்ளிகள் என்பது தொழிற்சாலையிலேயே முடிவாகிவிடுகிறது. அந்தக் காலத்தில் பரவலாக வந்தது 1366×768. அதில் 1920×1080 வரவழைக்க எந்த மென்பொருளாலும் முடியாது. முடிந்ததுபோல் காட்டலாம், அவ்வளவுதான். 2012-ல் விண்டோஸ் 8 வந்தபோது அதன் புதிய வகைச் செயலிகளுக்குக் குறைந்தது 1024×768 தேவைப்பட்டது. கையடக்க நெட்புக்குகளில் இருந்ததோ 1024×600. இன்டெல் டிரைவரின் ரெஜிஸ்ட்ரியில் ஒரு 0-வை 1 ஆக்கி, கணினியை நம்பவைத்து உலகம் முழுக்கப் பலர் அந்தச் செயலிகளைத் திறந்தார்கள். திறந்தன. ஆனால் 768 வரிகளை 600 வரிகளுக்குள் நெரித்ததால் எழுத்து நசுங்கி, மங்கித் தெரிந்தது. நாள் முழுக்கத் தமிழ்த் தட்டச்சு செய்பவரின் கண் இதைத் தாங்காது.

டிரைவர்தான் உண்மையான கோளாறு என்றால் அதை நீங்களே கண்டுபிடிக்கலாம். டிவைஸ் மேனேஜரில் ‘டிஸ்பிளே அடாப்டர்ஸ்’ என்ற வரியைத் திறங்கள். ‘மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்பிளே அடாப்டர்’ என்றிருந்தால் சரியான டிரைவர் ஏறவில்லை. சரியானதைப் போட்டாலே திரை தன் இயல்பான அளவுக்கு வந்துவிடும். தனி மானிட்டர் என்றால் முதலில் விஜிஏ கேபிளை மாற்றிப் பாருங்கள். அதிலுள்ள 15 ஊசிகளில் சில, மானிட்டர் தன் அளவைக் கணினிக்குச் சொல்வதற்கானவை. மலிவான கேபிளில் அவை இல்லாமலோ உடைந்தோ போனால் கணினி தோராயமாக ஓர் அளவைப் போட்டுக்கொள்ளும். பட்டியலில் 1366-க்குப் பதில் 1360 மட்டும் வந்தால் பயப்பட வேண்டாம். 1366 எட்டால் வகுபடாத எண் என்பதால் பழைய டிரைவர்கள் அப்படித்தான் காட்டும்.

சிக்கல், யாரோ கோப்பை மாற்றியமைத்துத் தரும் ‘திருத்திய டிரைவரில்’ தொடங்குகிறது. 2019 நவம்பரில் இன்டெல் தன் பழைய டிரைவர், பயாஸ் கோப்புகள் பலவற்றைத் தளத்திலிருந்து எடுத்துவிட்டது. அதிகாரபூர்வ வழி அடைபட்டதும் யார் யாரோ ஏற்றிவைத்த கோப்புகள் கைமாறுகின்றன. டிரைவர் என்பது சாதாரணச் செயலி இல்லை. விண்டோஸின் மையத்தில் உட்கார்ந்து எதையும் படிக்க, எதையும் மாற்ற அதிகாரம் பெற்றது. அதனால்தான் 64-பிட் விண்டோஸ் கையொப்பமில்லாத டிரைவரை ஏற்க மறுக்கிறது. திருத்திய டிரைவரைப் போட அந்தச் சோதனையை அணைத்துவிடுவார்கள். பலர் திரும்ப இயக்குவதும் இல்லை. திரையின் வலது கீழ் மூலையில் ‘டெஸ்ட் மோட்’ என்ற எழுத்து தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால், ஊர் மக்களின் ஆதார் நகலும் உங்கள் வங்கிக் கணக்கும் இருக்கும் கணினியின் கதவு தாழில்லாமல் கிடக்கிறது. இதை வாடிக்கையாளரிடம் சொல்லாமல் செய்வது பெரிய தவறு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சொந்தக் கணினியில் நீங்களே டிரைவர் கோப்பைத் திருத்திக்கொண்டால் அது குற்றமா? முறையாகப் பெற்ற மென்பொருளை வணிக நோக்கமின்றிச் சொந்தப் பயன்பாட்டுக்கு மாற்றியமைக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52(1)(ஏடி) பிரிவு இடம் தருகிறது. ஆனால் திருட்டு விண்டோஸுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. திருத்தியதைக் காசுக்கு விற்பவருக்கும் கிடையாது.

பணம் கொடுத்து ஏமாந்தவருக்கு 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பில் தர மறுப்பதும், நம்பிக் கொடுத்த தனிப்பட்ட தகவலை வெளியே விடுவதும் அதன்படி நியாயமற்ற வணிக முறை. ‘கடை வைத்திருப்பவர் நுகர்வோர் ஆக முடியாது’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சுயதொழிலில் பிழைப்புக்காக வாங்கிப் பயன்படுத்துபவரும் நுகர்வோரே. விற்றவர் சென்னையில் இருந்தாலும், வீட்டிலிருந்தபடி இணையத்தில் வாங்கியிருந்தாலும் ஓமலூர்க்காரர் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. 2 ஆண்டுகளுக்குள் போட வேண்டும். அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ல் பேசிப் பாருங்கள். பல விஷயங்கள் அங்கேயே முடிந்துவிடும். ‘என்ன ரெசல்யூஷன் வரும்’ என்பதைப் பில்லிலேயே எழுதி வாங்கியிருந்தால் உங்கள் கை ஓங்கியிருக்கும்.

‘உங்கள் டிரைவர் பழசு, நாங்கள் சரிசெய்கிறோம்’ என்று போனில் பேசி, தொலைவிலிருந்து கணினியைக் கைப்பற்றிப் பணம் எடுத்தால் அது வேறு வழக்கு. உடனே இணைய இணைப்பைத் துண்டித்து, இணையக் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ, பணத்தை வழியிலேயே முடக்க அவ்வளவு வாய்ப்பு. ஆள்மாறாட்ட மோசடிக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவு 3 ஆண்டு வரை சிறை விதிக்கிறது.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டதால், பழைய கணினிக்கு லினக்ஸைப் பரிந்துரைக்கத் தயங்க மாட்டேன். பழைய இன்டெல் கிராஃபிக்ஸுக்கான டிரைவர் அதற்குள்ளேயே வருகிறது. எதையும் தேடி அலைய வேண்டாம். பேஜ்மேக்கர், ஃபோட்டோஷாப் இல்லாமல் தொழில் நடக்காது என்பவர் மட்டும், சரியான கேபிளும் கையொப்பமுள்ள டிரைவரும் போட்டு, திரை தரும் அளவோடு வேலை பார்க்கலாம். இன்னும் அகலம் வேண்டுமென்றால், உங்கள் கணினி எந்த அளவு வரை தரும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, டிரைவர் திருத்தக் கேட்கும் காசைப் பழைய மானிட்டர் ஒன்றுக்குப் போடுங்கள். வாங்கும்போது கடையிலேயே உங்கள் கணினியோடு மாட்டிப் பார்த்துவிடுங்கள்.