செம்மண்ணில் எழுந்த துள்ளலோசை

கண்டி வீதி வழியே யாழ்ப்பாணம் சென்று வந்தவர்கள், பளைக்கு அப்பால் முகமாலையில் மண்டையோட்டுச் சின்னம் பொறித்த சிவப்புப் பலகைகளைப் பல ஆண்டுகளாகக் கண்டிருப்பார்கள். அப்பலகைகளுக்கு உட்புறத்தே, முகக்கவசம் அணிந்த வன்னிப் பெண்கள் வெயிலில் முழந்தாளிட்டு, மண்ணைச் சுரண்டிச் சுரண்டி மிதிவெடி தேடியதையும் பார்த்திருப்பார்கள். அவர்களை அப்பணியில் அமர்த்திய ஹலோ டிரஸ்ட் என்னும் தொண்டு நிறுவனம் இலங்கைக்கு வந்தது 2002ஆம் ஆண்டில். அதற்கு எட்டாண்டுகள் முன்னரே, 1994இல், ஆபிரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள அங்கோலாவில் அது வேலை தொடங்கிவிட்டது.

அங்கோலாவுக்கும் வன்னிக்கும் உள்ள இந்த ஒற்றுமை வருந்தத் தக்கதே. ஆயினும் அந்நாட்டைப் பற்றி இன்று யான் எழுத வந்தது வெடியைக் குறித்தன்று. ஆட்டத்தையும் பாட்டையும் குறித்து.

1975இல் போர்த்துக்கேயரிடமிருந்து விடுதலை பெற்ற அங்கோலாவில், அவ்வாண்டே உள்நாட்டுப் போர் மூண்டது. 2002 வரை நீடித்தது. நாட்டுப்புறத்து மக்கள் உயிருக்கு அஞ்சித் தலைநகர் லுவண்டாவுக்கு ஓடிவந்து, நகரைச் சூழ்ந்த குடிசைப் பகுதிகளில் ஒண்டினார்கள். அக்குடியிருப்புகளுக்கு 'முசெக்கே' என்று பெயர். செம்மண் என்பதிலிருந்து வந்த சொல்லாம். செம்மண் புழுதியும் இடப்பெயர்வும் இன்னவை என்று வன்னி வாசகருக்கு விளக்க வேண்டுமோ?

அப்புழுதியில், போரின் நடுவே, ஏறக்குறைய 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிறந்த இசைதான் 'குடுரோ'. அப்பெயரின் பொருளைக் குடும்ப ஏட்டில் எழுதச் சிறிது தயக்கமாகவே இருக்கிறது. 'விறைத்த பிட்டம்' என்பதே அது. தொனி அமாடோ என்னும் இசைஞர், வான் டாம் என்ற சண்டை நடிகர் ஒரு படத்தில் மதுமயக்கத்தில் ஆடிய ஆட்டத்தைப் பார்த்துத்தான் இதற்கு வழிகண்டதாகக் கூறுவார். பாட்டுகளைப் பரப்பியவை பெரிய கம்பனிகளல்ல. நீலமும் வெள்ளையும் பூசிய மினிபஸ்களே அவற்றை ஊரெங்கும் கொண்டு சென்றன. நம்மூர்ப் பஸ்களின் பாட்டு இரைச்சலைச் சலித்துக்கொள்வோர் இதனைக் கவனிக்கலாம்.

இனி ஆட்டத்துக்கு வருவோம். கால் மடங்கி விழுவது போலவும், ஒரு காலை இழுத்துக்கொண்டு நொண்டுவது போலவும், ஊன்றுகோல் ஊன்றுவது போலவும் அதில் அசைவுகள் உண்டு. மிதிவெடியால் அங்கம் இழந்தோர் தெருவெங்கும் நடமாடிய நாட்டில் பிறந்த ஆட்டம் வேறெப்படி இருக்கும்? இது ஏளனமாகாதா என்று முதலில் எனக்கும் தோன்றிற்று. ஆனால் குடுரோவின் புகழ்பெற்ற கலைஞருள் ஒருவரான கொஸ்துலேட்டா, தாமே ஒரு காலை இழந்தவர். எஞ்சிய காலோடும் ஊன்றுகோலோடும் அவர் சுழன்றாடுவதைக் கண்டபின் என் ஐயம் அகன்றது. நம்மூரில் காலிழந்த ஒருவர் கூத்துப் பார்க்க வந்தால், முன்வரிசையில் நாற்காலி இட்டு அமர்த்துகிறோம். அதுவே மரியாதை என்றும் எண்ணுகிறோம். உமக்கு என்ன வேடம் வேண்டும் என்று அவரைக் கேட்ட அண்ணாவியார் எத்தனை பேரோ?

பாட்டு உருவாகும் விதத்தையும் மாணவர்கள் அறிவது நன்று. பெல்ஜியம் நாட்டில் 1997இல் வெளிவந்த 'ஃப்ரூட்டிலூப்ஸ்' என்னும் கணினி நிரல் லுவண்டா இளைஞர் கைக்கு எட்டிற்று. அதன் திரையில், ஒவ்வொரு வாத்தியத்துக்கும் வரிசையாகப் பதினாறு கட்டங்கள். எந்தக் கட்டத்தைத் தொட்டு ஏற்றுகிறோமோ, அவ்விடத்தில் அடி விழும். வரிசை முடிந்ததும் தானே முதலுக்குத் திரும்பும்; நம் தாள ஆவர்த்தனம் போல.

1, 5, 9, 13 ஆகிய கட்டங்களில் பெருமுழவை வைத்தால் நேரான நடை கிடைக்கும். அதன்மேல் சிறுபறையை எட்டுக்கு மூன்று அடியாக, 'தகிட தகிட தக' என்று மூன்றும் மூன்றும் இரண்டுமாக வைக்க வேண்டும். அப்போது 1, 4, 7, 9, 12, 15 ஆகிய கட்டங்களில் அடி விழும். நேர்நடையும் இந்த வெட்டுநடையும் ஒன்றோடொன்று பொருதுவதிலேயே காலைத் துள்ளவைக்கும் விசை பிறக்கிறது. வேகம் நிமிடத்துக்குச் சுமார் 140 அடி. பதினாறு கட்டங்களும் ஏறத்தாழ 1.7 விநாடியில் ஓடி முடிந்துவிடும்! அதற்குமேல் கூரிய மின்னிசைத் துணுக்கொன்றைத் திரும்பத் திரும்ப ஒலிக்கச் செய்து, தெருப் பேச்சு மொழியில் படபடவென்று சொல்லடுக்கினால் குடுரோ தயார். சொற்கட்டு அறிந்த நம் பிள்ளைகளுக்கு இது வேற்றுக் கிரகத்துக் கணக்கன்று.

தமிழர் ஒருவர் ஏற்கெனவே இவ்வாசலைத் தட்டியுமிருக்கிறார். யாழ்ப்பாணத்தில் சிறுபராயத்தைக் கழித்து, 1986இல் அகதியாக லண்டன் சேர்ந்த மாதங்கி அருள்பிரகாசம், 'எம்.ஐ.ஏ.' என்ற பெயரில் உலகப் புகழ் பெற்றவர். தாயாரின் பெயரால் 'கலா' என அவர் 2007இல் வெளியிட்ட இசைத்தொகுப்பில் தமிழ்நாட்டு உறுமி அதிர்கிறது. 2008இல், லிஸ்பன் புறநகரைச் சேர்ந்த புராக்கா சொம் சிஸ்தேமா குழுவினரும் அங்கோலாக் கலைஞரும் சேர்ந்து வெளியிட்ட 'சவுண்ட் ஒவ் குடுரோ' பாட்டிலும் அவர் குரல் கலந்திருக்கிறது.

வற்றாப்பளைப் பொங்கல் காலத்தில் வன்னியிற் பறைக்குக் குறைவில்லை. ஓர் அடியைக் கைத்தொலைபேசியிற் பதிந்து, மேற்சொன்ன கட்டங்களில் இட்டுப் பார்க்கலாம். சத்தம் அயல்வீட்டாரை எழுப்பாத நேரமாகப் பார்த்துத் தொடங்குக.