எண்ணெயும் நீரும் இணங்கும் இடுக்கு

எண்ணெயையும் நீரையும் ஒரு போத்தலில் இட்டு எவ்வளவு குலுக்கினாலும், கீழே வைத்த சிறிது நேரத்தில் அவை பிரிந்துவிடும். சமையலறையில் இதனாற் பெருங்கேடு இல்லை. ஆனால், குழந்தைக்குக் கொடுக்கும் மருந்திலே தூள் கட்டிபட்டு அடியில் தங்கினால், முதற் கரண்டியில் மருந்து குறைந்தும் கடைசிக் கரண்டியில் மிகுந்தும் போகும். மருந்தோ, முகப்பூச்சோ, வர்ணமோ, அதனை முதன்முதல் ஆக்கிப் பார்க்கும் ஆய்வுகூடத்திலே அதிவேகக் கலப்புப் பொறி இடம்பெறுவது இதனாலேயே.

அதன் தலைப்பாகம் சிறியது. துளைகளுள்ள அசையாத உருளை ஒன்று; அதனுள்ளே மிக நெருக்கமாகச் சுழலும் அலகுகள். இரண்டுக்கும் இடையிலுள்ள இடுக்கு பெரும்பாலும் ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்தது. அலகுகள் சுழலும்போது திரவம் கீழிருந்து உறிஞ்சப்பட்டு அவ்விடுக்கினுள் தள்ளப்படுகின்றது. அங்கே ஒருபுறத்துத் திரவம் அசையாச் சுவரை ஒட்டி நிற்க, மறுபுறத்துத் திரவம் அலகோடு ஓடுகின்றது. நடுவில் அகப்பட்ட எண்ணெய்த்துளி இழுபட்டு, நீண்டு, அறுகின்றது. வெளியே நனைந்து உள்ளே உலர்ந்திருக்கும் தூட்கட்டிகளும் இவ்வாறே உடைகின்றன. ஆயினும் ஒட்டிய கட்டிகளைப் பிரிப்பதே இதன் வேலை. கடினமான மணிகளை அரைப்பதற்கு வேறு ஆலை வேண்டும்.

துளைகளால் வெளியேறிய திரவம் சுழன்று மீண்டும் உள்ளே செல்ல, துளிகள் ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்திற் சில பங்கு அளவுக்குச் சிறுத்துவிடும். அவை மறுபடி ஒன்றுசேராதிருக்கச் சவர்க்காரம் போன்ற குழம்பாக்கி ஒன்றும் வேண்டும். பொறி மட்டும் போதாது.

கூடிய நேரம் சுழற்றினாற் கூடிய நன்மை என்று எண்ணுவதும் தவறு. திரவம் சூடேறும், பசைப்பொருள்களின் நீண்ட மூலக்கூறுகள் அறுந்து கூழ் இளகிப்போகும். தலைப்பாகம் நன்கு அமிழ்ந்திராவிடிற் காற்றை இழுத்து நுரையாக்கும். திரவமின்றி ஓட்டினாலோ பொறியே பழுதாகும்.

ஆய்வுகூடத்திற் கண்டதைத் தொழிற்சாலைக்குக் கொண்டுசெல்லும்போதுதான் பெரும் பிழை நேர்வது. 25 மில்லிமீற்றர் விட்டமுள்ள அலகு நிமிஷத்துக்கு 10,000 முறை சுழன்றால், அதன் நுனி செக்கனுக்கு ஏறக்குறைய 13 மீற்றர் ஓடுகின்றது. 250 மில்லிமீற்றர் அலகுக்கு அதே நுனிவேகம் 1,000 சுற்றிலேயே கிடைத்துவிடும். சுற்றின் எண்ணிக்கையை மாத்திரம் குறித்துவைத்தவர் இங்கே ஏமாறுவார். எனவே நுனிவேகமும் இடுக்கின் அகலமும் முதலில் ஒப்பிடப்படுகின்றன. பின்னர், தொட்டியிலுள்ள திரவம் முழுவதும் எத்தனை முறை அவ்விடுக்கினூடு செல்லும் என்பதைக் கணக்கிட்டே கலக்கும் நேரம் தீர்மானிக்கப்படுகின்றது.