பட்டாசு ஆலை 'உள்குத்தகை' என்றால் என்ன? தொழிலாளி குடும்பம் நடுத்தெருவுக்கு வருவது எப்படி?

சிவகாசி:

விருதுநகர் மாவட்டம் வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால் கரிசல் காட்டு விவசாயி கையில் காசு இருக்காது. அந்த வறட்சியில்தான் சிவகாசி தொழில் நகரமானது. 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டி தொழிலைக் கற்று வந்தனர். பிறகு பட்டாசு, அச்சுத்தொழில் வளர்ந்தன. இன்றும் சுற்றுவட்டார கிராமங்களில் ஆலை வேன் வந்தால்தான் பல வீடுகளில் அடுப்பு எரியும்.

ஆனால் வேலைக்குப் போனவர்கள் கருகிப் போவதும் தொடர்கதையாக உள்ளது. 2012 செப்டம்பர் 5-ந்தேதி முதலிப்பட்டியில் 30-க்கும் மேற்பட்டோர் பலியானார்கள். 2021 பிப்ரவரி 12-ந்தேதி அச்சங்குளத்தில் 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பட்டாசு விபத்து என்றாலே அடிக்கடி அடிபடும் வார்த்தை, உள்குத்தகை.

அறைக்கு ஒரு முதலாளி

லைசென்ஸ் ஒருவர் பெயரில் இருக்கும். அவர் ஆலையை அறை அறையாகப் பிரித்து பலருக்கு விட்டுவிடுவார். இது விதிமீறல். குத்தகை எடுத்தவர் போட்ட பணத்தை சீக்கிரம் எடுக்கப் பார்ப்பார். தீபாவளி நெருங்கினால் கேட்கவே வேண்டாம். அனுமதித்ததை விட கூடுதல் ஆள், கூடுதல் மருந்து. இடமில்லாமல் மரத்தடியிலும் வேலை நடக்கும். தீ பரவக்கூடாது என்றுதான் அறைகளுக்கு நடுவே இடைவெளி விடுகிறார்கள். அங்கேயும் சரக்கைப் பரப்பினால், ஒரு அறையில் உராய்வில் பற்றிய தீ மற்ற அறைகளுக்கும் தாவிவிடும்.

பென்ஷன் போச்சு

இ.எஸ்.ஐ.யில் பதிவான தொழிலாளியின் சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடிப்பார்கள். முதலாளி 3.25 சதவீதம் கட்ட வேண்டும். வேலையில் விபத்து நடந்து இறந்தால், சராசரி கூலியில் 90 சதவீதம் வாரிசுகளுக்கு மாதாமாதம் பென்ஷனாக வரும். அரசு தரும் நிவாரணம் ஒருமுறையோடு சரி.

உள்குத்தகையில் பீஸ் கணக்கில் கூலி வாங்குபவர் பெயர் பல நேரம் பதிவேட்டில் இருக்காது. அவர் அங்கே வேலை பார்த்தார் என்று நிரூபிக்கவே குடும்பம் அலைய வேண்டும். எனவே வேலைக்குச் சேரும்போதே இ.எஸ்.ஐ. எண்ணைக் கேட்டு வாங்குவது அவசியம்.

வேறு வேலை வருமா?

பேரியம் நைட்ரேட், சரவெடி ஆகியவற்றுக்கு 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு தடை விதித்தது. 2021-ல் அதை மீண்டும் உறுதி செய்தது. இதனால் பட்டாசை மட்டும் நம்பிய கிராமங்கள் ஆடிப்போயின. 2023-ல் இ.குமாரலிங்கபுரத்துக்கு பி.எம். மித்ரா ஜவுளிப் பூங்கா அறிவிக்கப்பட்டது. அதில் உள்ளூர் பெண்களுக்கு வேலை கிடைத்தால், "உயிருக்கு உத்தரவாதம் இல்லாத இடத்துக்கு வரமாட்டேன்" என்று அவர்கள் தைரியமாகச் சொல்ல முடியும்.