பிறப்பால் வரும் ரைஃபிள்

குடகர்கள் லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்க மத்திய அரசு அளித்திருக்கும் விலக்கு 2029 அக்டோபரில் முடிவடைகிறது. அதற்குள் பதில் காண வேண்டிய கேள்வி ஒன்று உண்டு.

பெங்களூர் அடுகோடியில் நகர ஆயுதப்படைப் போலீசின் தெற்குப் பிரிவு இருக்கிறது. ரைஃபிள் என்றால் அங்கே காக்கிச் சட்டைதான் நினைவுக்கு வரும். ஆனால் சட்டப் புத்தகத்தைப் புரட்டினால் வேறு சித்திரம் தெரிகிறது. அடுகோடியில் ஒரு தெருவின் அடுத்தடுத்த வீடுகளில் இருவர் குடியிருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் தர்மபுரிக்காரர். மற்றவர் மடிக்கேரியிலிருந்து வந்த குடகர். தர்மபுரிக்காரருக்குத் துப்பாக்கி வேண்டுமானால் போலீசுக்கு மனு போட்டு, ஏன் தேவை என்று காரணம் சொல்லி, விசாரணை முடியும்வரை காத்திருக்க வேண்டும். லைசென்ஸ் கிடைத்தாலும் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். குடகருக்கு இந்த லைசென்ஸ் தேவையே இல்லை. சொந்த மாவட்டத்துக்கு வெளியே வசித்தாலும் அவர் ஒரு ரைஃபிளும் 100 தோட்டாக்களும், ஒரு வேட்டைத் துப்பாக்கியும் 500 தோட்டாக்களும் வைத்துக்கொள்ளலாம். அவர் குடகு இனத்தில் பிறந்தவர் என்பதே அதற்குப் போதுமான தகுதி.

உலகின் பிற பகுதிகளில் விவாதம் வேறு மாதிரி நடக்கிறது. எந்த வகை ரைஃபிளைத் தடை செய்வது என்பதே அங்கே கேள்வி. ஆஸ்திரேலியாவின் போர்ட் ஆர்தரில் 1996-ல் 35 பேர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, அந்நாடு அரைத் தானியங்கி ரைஃபிள்களுக்குக் கடும் தடை விதித்து, ஆறு லட்சத்துக்கும் அதிகமான துப்பாக்கிகளை விலை கொடுத்துத் திரும்ப வாங்கியது. கிரைஸ்ட்சர்ச் மசூதிகளில் 2019-ல் 51 பேர் பலியானதும் நியூசிலாந்து ஒரே மாதத்தில் சட்டம் இயற்றியது. அமெரிக்காவோ 1994-ல் கொண்டுவந்த தடையை 2004-ல் காலாவதியாக விட்டுவிட்டது.

இந்தியா இந்தக் கதவை என்றோ மூடிவிட்டது. 1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, விசையை அழுத்திக்கொண்டே இருந்தால் சுட்டுக்கொண்டே இருக்கும் ஆயுதம் தடை செய்யப்பட்ட ரகம். ராணுவத் தோட்டா பொருந்தும் ரைஃபிள்களும் சாதாரணக் குடிமகனுக்கு எட்டாதவை. இதில் ஒரு விநோதம் உண்டு. .303 ரைஃபிளுக்குத் தடை. அதைவிடச் சற்றே பெரிய குழல் கொண்ட.315 ரைஃபிளை அரசின் ஆயுதத் தொழிற்சாலைகளே தயாரித்து லைசென்ஸ்தாரர்களுக்கு விற்றன. இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. குண்டின் வலிமையை அளந்து போட்ட விதியல்ல இது. ராணுவத்தின் தோட்டாக்கள் வெளியே கசிந்துவிடக் கூடாது என்பதே நோக்கம்.

ஆக, இங்கே மிஞ்சும் கேள்வி எந்தத் துப்பாக்கி என்பதல்ல, யார் கையில் என்பதுதான். குடகு விவகாரத்தின் மையமும் அதுவே. விலக்கு பெற்ற குடகர்களும் தடை செய்யப்பட்ட ரகங்களைத் தொட முடியாது.

விலக்கின் வேர் பிரிட்டிஷ் காலத்தில் இருக்கிறது. 1857 எழுச்சிக்குப் பின் நாடெங்கும் ஆயுதங்களுக்குக் கட்டுப்பாடு வந்தபோது, மைசூர், குடகு கமிஷனர் மார்க் கப்பன் 1861-ல் குடகர்களுக்கு விதிவிலக்கு அளித்தார். வீரத்தோடு விசுவாசத்துக்கும் கிடைத்த பரிசு அது. சுதந்திர இந்தியாவின் அரசும் 1963-ல் அதை உறுதி செய்தது. குடகு இனத்தவரோடு, அரசர் காலத்தில் போர்ச் சேவைக்கு ஈடாக வழங்கப்பட்ட 'ஜம்மா' நிலங்களின் உடைமையாளர்களுக்கும் விலக்கு உண்டு.

குடகில் துப்பாக்கி வெறும் ஆயுதமல்ல. ஆண் குழந்தை பிறந்தால் வானை நோக்கி ஒரு வேட்டு. வீட்டில் சாவு விழுந்தால் இரண்டு. 'புத்தரி' அறுவடைத் திருநாளில் வேட்டுச் சத்தத்துக்குப் பிறகே முதல் கதிர் அறுபடும். செப்டம்பரில் வரும் 'கைல்போதை' நம்மூர் ஆயுத பூஜைக்கு ஒப்பிடலாம். அன்று துப்பாக்கிகளுக்குச் சூட்டும் மலரைக் குடகர்கள் துப்பாக்கிப் பூ என்ற பொருளில் 'தோக் பூ' என்கிறார்கள். அது வேறெதுவுமல்ல, தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தள்தான்.

ஆனால் சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்னும்போது, இனத்தையும் நில உடைமையையும் வைத்துச் சலுகை தருவது சரியா? முன்னாள் ராணுவ அதிகாரி ஒருவர் இதே கேள்வியோடு கர்நாடக உயர் நீதிமன்றத்தை அணுகினார். 2029 வரை விலக்கை நீட்டித்து மத்திய அரசு 2019 அக்டோபரில் வெளியிட்ட அறிவிப்பு செல்லாது என்பது அவரது வாதம். சதீஷ் சந்திர சர்மா தலைமையிலான பெஞ்ச் 2021 செப்டம்பரில் அதை நிராகரித்தது. குடகர்கள் போர் மரபினர், சுதந்திரத்துக்கு முன்பிருந்தே இச்சலுகையை அனுபவிப்பவர்கள், விலக்கும் பத்தாண்டுகளுக்கு மட்டுமே, நிபந்தனைகளுக்கு உட்பட்டது என்றது தீர்ப்பு.

விலக்கை ஆதரிப்பவர்களிடம் இன்னொரு வலுவான வாதமும் இருக்கிறது. நாட்டில் துப்பாக்கியால் நடக்கும் கொலைகளில் பெரும்பாலானவற்றுக்குப் பயன்படுவது லைசென்ஸ் இல்லாத கள்ளத் துப்பாக்கி. பத்திரிகையாளர் கௌரி லங்கேஷ் 2017-ல் பெங்களூரில் நாட்டுத் துப்பாக்கியால்தான் கொல்லப்பட்டார். பரம்பரைத் துப்பாக்கியைப் பறிப்பதால் கூலிப்படை அடங்கிவிடாது.

உண்மைதான். ஆனால் ஆயுதம் ஏந்துவது இந்தியாவில் யாருக்கும் அடிப்படை உரிமையல்ல என்பதையும் மறக்க முடியாது. 1931-ல் கராச்சி காங்கிரஸ் அந்த உரிமையைக் கோரியது. 1948 டிசம்பரில் அதை அரசியல் சட்டத்தில் சேர்க்க எச்.வி. காமத் கொண்டுவந்த திருத்தத்தை அம்பேத்கர் எதிர்த்தார். அரசியல் நிர்ணய சபை தள்ளுபடி செய்தது. எனவே குடகர்களிடம் இருப்பது சலுகை. ஆயுதச் சட்டத்தின் 41-வது பிரிவின்படி, பொதுநலன் கருதி அரசு தருவது. அதே காரணத்தால் திரும்பப் பெறக்கூடியது.

பொதுநலன் என்ற உரைகல்லில் உரசினால்தான் வேறுபாடு புலப்படும். குடகின் காப்பித் தோட்டத்தில் யானையும் காட்டுப்பன்றியும் நுழைகின்றன. யானையைக் கொல்லச் சட்டம் அனுமதிக்காது. வேட்டுச் சத்தம் விரட்ட உதவும். அதே தோட்டத்துக்குப் பக்கத்தில் பயிர் செய்யும், ஜம்மா நிலம் இல்லாத வேறு சாதிக்காரர் லைசென்சுக்கு மனுப் போட வேண்டும். யானைக்கோ யார் எந்த இனம் என்று தெரியாது. மறுபுறம், அடுகோடியின் அடுக்குமாடியில் யானை வருவதில்லை. புத்தரிக் கதிர் அறுக்க வயலும் இல்லை. அங்கே பீரோவுக்குள் பூட்டிக் கிடக்கும் ரைஃபிளுக்குச் சடங்கு, பயிர் ஆகிய இரண்டு நியாயங்களுமே பொருந்தவில்லை.

2019-ல் ஆயுதச் சட்டத்தைத் திருத்திய நாடாளுமன்றம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. முதலில் மசோதாவில் இருந்தது ஒன்றுதான். எதிர்ப்பு வந்ததால் இரண்டாயிற்று. பரம்பரைச் சொத்து என்ற உணர்வுக்கு அரசு கொஞ்சம் இறங்கி வந்தது. குடகு விஷயத்திலும் இப்படி நடுவழி காண இடமிருக்கிறது. மூதாதையரின் 'ஐன்மனை' முற்றத்தில் வேட்டு முழங்கட்டும். நகரத்துக்கு வரும் ரைஃபிள் மட்டும் எல்லோருக்குமான விசாரணைக்கு உட்படட்டும். அப்படிச் செய்தால் செங்காந்தள் சூடும் திருநாளுக்கு எந்தக் குறையும் வராது. அடுகோடித் தெருவின் அடுத்தடுத்த வீடுகளுக்கும் ஒரே சட்டம் இருக்கும்.