சுவரில் உறங்கும் நெருப்பு

கடந்த ரமளானில் ஒரு ஸஹர் வேளை. இராயபுரத்தில் எங்கள் பாட்டனார் காலத்து வீட்டில், அடுப்பங்கரையிலிருந்து வெளியே வந்த என் மனைவி, எங்கோ ஏதோ கருகும் வாடை வீசுவதாகக் கூறினார். அடுப்பில் ஒன்றுமில்லை. தேடியபோது, நடையில் மெயின் போர்டின் மரப்பலகை புகைந்துகொண்டிருக்கக் கண்டோம். உலர்ந்த கட்டையால் மெயின் சுவிட்சைத் தள்ளி மின்சாரத்தை நிறுத்தினேன். அல்ஹம்துலில்லாஹ், பலகையோடு போயிற்று.

காலையில் வந்த ஒயர்மேன் பீங்கான் ஃபியூஸைக் கழற்றிக் காட்டினார். மெல்லிய ஃபியூஸ் கம்பி இருக்கவேண்டிய இடத்தில், பல இழைகளாக முறுக்கிய செம்புக்கம்பி இருந்தது. “இதைப் போட்டது யார்?” என்று கேட்டார். அடிக்கடி ஃபியூஸ் போகிறதே என்ற எரிச்சலில் அதைப் போட்டவன் நானே!

காவலாளியைக் கட்டிப்போட்டோம்

கம்பி தாங்கும் அளவுக்குமேல் மின்சாரம் பாய்ந்தால், தான் உருகி வீட்டைக் காப்பதே ஃபியூஸின் வேலை. தடித்த கம்பியைப் போட்டால் ஃபியூஸ் உருகாது. சுவருக்குள் ஓடும் ஒயர் உருகும். அன்று இரண்டு விளக்கு, ஒரு விசிறி என்று 200 வாட்டுக்குப் போட்ட ஒயர் அது. ஓர் ஆம்பியருக்கும் குறைவாகவே அதில் பாய்ந்தது. இன்று 2000 வாட் வெந்நீர்க் கருவி, 1500 வாட் குளிர்சாதனம், 1000 வாட் இஸ்திரிப் பெட்டி ஆகியவை ஒருசேர இயங்கினால் ஏறத்தாழ 20 ஆம்பியர் பாய்கிறது. மின்னோட்டம் இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும் என்பது இயற்கை விதி.

பழைய போர்டுகளில் வேறொரு தீங்கும் உண்டு. நியூட்ரல் கம்பியிலும் ஃபியூஸ் வைத்திருப்பார்கள். அது மட்டும் போய்விட்டால் விளக்கு அணையும். ஆனால் ஒயரில் மின்சாரம் இருக்கும். மின்சாரம் இல்லையென்று நம்பித் தொடுபவர் கதி என்னாவது?

நம் பகுதி கடலோரம். காசிமேடு முதல் எண்ணூர் வரை உப்புக்காற்று இரும்பை அரிக்கிறது. செம்பில் பச்சைக் களிம்பு ஏற்றுகிறது. களிம்பேறிய இணைப்பு சூடாகும். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வீடுகளுக்குள் புகுந்த வெள்ளத்தை நாம் மறந்திருக்க மாட்டோம். ஆகவே புதிய போர்டை வெள்ளம் எட்டாத உயரத்தில் அமைப்பது அறிவுடைமை.

செய்ய வேண்டியவை

மரப்பலகையை அகற்றித் தீப்பிடிக்காத பெட்டி பொருத்துங்கள். ஒவ்வொரு பிரிவுக்கும் ஒயரின் தடிமனுக்கேற்ற எம்.சி.பி. வேண்டும். ஆனால் அது மிகுமின்னோட்டத்தையே தடுக்கும். மனிதர் மீது பாயும் சிறு மின்சாரத்தை உணராது. அதற்கு 30 மில்லி ஆம்பியர் அளவிலேயே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்னும் மின்கசிவுத் தடுப்பான் தனியே தேவை. மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளும் இத்தகைய சாதனத்தை வற்புறுத்துகின்றன. அதிலுள்ள சோதனைப் பொத்தானை அவ்வப்போது அழுத்திப் பாருங்கள். எர்த் கம்பி இல்லாத மூன்று துளைப் பிளக்கு வெறும் அலங்காரமே. பெட்டி புதிதாகி ஒயர் பழையதாகவே இருந்தால் பயன் பாதிதான். அதையும் சோதிக்கச் செய்யுங்கள்.

இவ்வேலையை உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரரிடமே ஒப்படையுங்கள். மீட்டரும் அதற்கு முந்தைய ஃபியூஸும் மின்வாரியத்தைச் சேர்ந்தவை; அவற்றில் கைவைக்கலாகாது.

தவக்குலும் தற்காப்பும்

மதீனாவில் ஓரிரவு ஒரு வீடு அதன் குடும்பத்தாரோடு எரிந்த செய்தி கேட்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், நெருப்பு நமக்குப் பகை என்றும், உறங்குமுன் அதை அணைத்துவிட வேண்டும் என்றும் எச்சரித்ததாக அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அறிவிக்கிறார்கள். விளக்குத் திரியை எலி இழுத்துச் சென்று வீட்டை எரித்துவிடக்கூடும் என்றும் மற்றொரு நபிமொழி எச்சரிக்கிறது. இன்றைய எலி ஒயரைக் கடிக்கிறது; ஆபத்து மாறவில்லை. இறுதியில் ஒன்று வேறுபடுகிறது: அந்த விளக்கை ஊதி அணைக்கலாம், சுவருக்குள் இருக்கும் நெருப்பை அணைக்க இயலாது. அதற்குக் காவல்தான் வைக்க முடியும்.

“எல்லாம் கத்ர்படி நடக்கும்” என்று சொல்லிவிட்டுப் போர்டை விட்டுவைப்பது தவக்குல் ஆகாது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது நம்பிக்கை வைக்கும்படியன்றோ நமக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது! ஒருநாள் திருமணத்துக்குத் தெரு முழுவதும் சீரியல் விளக்கு கட்டும் நாம், அன்றாடம் குழந்தைகள் உறங்கும் வீட்டின் போர்டை மாற்ற மட்டும் செலவை எண்ணுகிறோம். வீட்டை வாடகைக்கு விட்டிருக்கும் சகோதரர்களே, குடியிருப்போரின் உயிர் உங்களிடம் உள்ள அமானத் அல்லவா?

அந்தச் செம்புக்கம்பியை நான் எறியவில்லை. மதரஸாவில் என் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். அமானத் பற்றிப் பாடம் நடத்தும் நாளில் அதை எடுத்து மாணவர்களிடம் காட்டுகிறேன். வீடு திரும்பியதும் தத்தம் வீட்டு ஃபியூஸைக் கவனிக்கும்படி பெற்றோரிடம் சொல்லச் சொல்கிறேன். நம் இல்லங்களை எல்லா ஆபத்துகளிலிருந்தும் வல்ல அல்லாஹ் காப்பானாக. ஆமீன்.